எஸ்1 எஸ்2 பிளஸ்: இரண்டு சத்தத்துக்கு நடுவே இருந்த நோய்

கேஸ் ஷீட்டில் இதயத்துக்கென்று ஒரு வரி உண்டு. எந்த வார்டில் எந்த ஷீட்டைப் புரட்டினாலும் அந்த வரியில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: ‘எஸ்1 எஸ்2 பிளஸ், மர்மர் இல்லை.’ முதல் சத்தமும் இரண்டாம் சத்தமும் கேட்கின்றன, வேறு இரைச்சல் ஏதும் இல்லை என்று பொருள். சில சமயம் அது காதால் கேட்டு எழுதியது. பல சமயம் கை தானாக எழுதிக்கொண்டு போனது. இங்கே சொல்லப்போகும் பெண்ணின் ஷீட்டிலும் அதே வரி இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டவன் நான்.

பெயரையும் மருத்துவமனையையும் சொல்லப்போவதில்லை. குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

இரவு வந்தவர்

வயது 23. முதல் கர்ப்பம், 26 வாரம். வீடு காசிமேட்டுப் பக்கம். கணவருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. கத்திரி வெயில் நாட்கள் அவை. இரவு பதினொன்றரை மணிக்கு 108-இல் வந்தார், கூடவே மாமியார்.

“ரெண்டு மாசமா வீசிங் சார். நாலு வாட்டி புகை வச்சாச்சு. அப்பத்திக்கு நல்லாருக்கு, அப்புறம் திரும்ப இழுக்குது” என்றார் மாமியார். புகை என்று அவர் சொன்னது நெபுலைசரை. வீட்டருகே ஒரு கிளினிக்கில் வைத்திருக்கிறார்கள். சீட்டுகளில் ஆஸ்துமா என்று எழுதியிருந்தது. ஆனால் இந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் இழுப்பு வந்ததே இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இல்லை. 23 வயதில், கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் ஆஸ்துமா புதிதாகத் தொடங்கக் கூடாதென்று சட்டமில்லை. இருந்தாலும் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் பேசியது ஒரே ஒரு வரி: “படுத்தா மூச்சு முட்டுது சார், எழுந்து குந்திக்கினா தேவல.” ஒன்பது மாதக் குழந்தை வயிற்றை அடைத்துக்கொண்டிருந்தால் படுக்கும்போது மூச்சு முட்டுவது இயல்பு. இவருக்கு ஆறே மாதம். படுத்தவுடன் காலிலும் வயிற்றிலும் தேங்கியிருந்த ரத்தம் நெஞ்சுக்குத் திரும்புகிறது. அதை வாங்கி முன்னே தள்ள முடியாத இதயம் நுரையீரலில் தேக்கிவிடுகிறது. நோயில் பாதி அந்த வரியிலேயே இருந்தது, நான் ‘ம்’ கொட்டிவிட்டு நகர்ந்தேன்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 128. ரத்த அழுத்தம் 104/70. மூச்சு நிமிடத்துக்கு 34. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 89 சதவீதம் என்றது. நெஞ்சு முழுக்க விசில் சத்தம், முதுகில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கரகரப்பு. ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) ‘கர்ப்பத்தில் தீவிர ஆஸ்துமா, நிமோனியா இருக்கிறதா பார்க்கவும்’ என்று எழுதினார். இதய வரியில் அந்த வழக்கமான வாசகம். அன்றிரவு வார்டில் கட்டில்கள் நிரம்பித் தரையிலும் பாய் போட்டிருந்தார்கள். நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்தது மொத்தமாக ஒரு பதினைந்து விநாடி இருக்கும். சால்பியூட்டமால் நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி, ஆக்சிஜன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விடிகாலை ஐந்து மணிக்குள் மூன்று முறை புகை வைத்தாகிவிட்டது. துடிப்பு 142, ஆக்சிஜன் 84. இருமித் துப்பிய துணியில் லேசான ரோஜா நிறத்தில் நுரை.

ஆஸ்துமாக்காரர்களின் சளி இப்படி இருக்காது.

ஃபேனை நிறுத்திவிட்டு

வார்டில் அந்த வரிசை ஃபேன்களை நிறுத்தச் சொன்னேன். கத்திரி வெயில் காலத்தில், விடிகாலை என்றாலும், ஃபேனை நிறுத்தச் சொல்லும் டாக்டரை நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது சென்னையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பாட்டி வாய்விட்டே கேட்டுவிட்டார். ஆனால் நமது வார்டு ஃபேனின் உறுமலும் நான் தேடிய சத்தமும் கிட்டத்தட்ட ஒரே சுருதி. இரண்டும் ஒன்றாக ஓடினால் ஒன்றுதான் கேட்கும்.

முதலில் காதை விட்டுவிட்டுக் கையை வைத்தேன். மார்பெலும்பின் இடது ஓரத்தில் வைத்த கையை ஒவ்வொரு துடிப்பும் மேலே தூக்கியது. வலது கீழறை தன் சக்திக்கு மீறி உழைக்கிறது என்பதற்கு அடையாளம் அது. இதயத்தின் நுனி தொடும் இடத்தில், யாரோ உள்ளேயிருந்து விரல் முட்டியால் தட்டுவது போல ஒரு தட்டு. முதல் சத்தம் அவ்வளவு பலமாக இருந்ததால் கைக்கே தெரிந்தது.

பிறகு ஸ்டெதஸ்கோப். அவரால் படுக்க முடியவில்லை. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து தலையணையில் ஒருக்களித்து உட்கார வைத்தோம். அப்படிச் சாய்ந்தால் இதயத்தின் நுனி நெஞ்சுச் சுவருக்கு நெருங்கி வரும். கருவியின் தட்டையான பக்கத்தைத் திருப்பி, கிண்ணம் போன்ற பக்கத்தை வைத்தேன், பட்டும் படாமலும். மணிப்பக்கம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அழுத்தி வைத்தால் தோலே இழுபட்டுத் தட்டுப் பக்கம் போல ஆகிவிடும், தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் காணாமல் போய்விடும். இப்போது வரும் ஸ்டெதஸ்கோப்புகள் பலவற்றில் மணிப்பக்கமே கிடையாது. லேசாக வைத்தால் தாழ்ந்த சுருதி, அழுத்தினால் உயர்ந்த சுருதி என்று ஒரே தட்டில் இரண்டு வேலை. மாணவர்கள் அழுத்தி மட்டுமே பழகுகிறார்கள் என்பது என் புகார். (சீனியர்கள் என்னைப் பற்றியும் இதையே சொன்னார்கள்.)

142 துடிப்பில் மர்மர் எதையும் பிரித்தறிய முடியவில்லை. கேட்டது இரண்டே விஷயம். முதல் சத்தம் அறைந்து சாத்திய கதவு போல. மார்பின் இடது மேல் ஓரத்தில் இரண்டாம் சத்தத்தின் நுரையீரல் பங்கும் (நுரையீரலுக்குப் போகும் வாசல் கதவு சாத்தும் ஓசை) அதே பலத்தில். இதுவும், படுத்தால் முட்டும் மூச்சும், ரோஜா நிற நுரையும், இளம் வயதும் சேர்ந்தால் என் மனதில் ஒரே பெயர்தான் வந்தது: மைட்ரல் ஸ்டெனோசிஸ், அதாவது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வு சுருங்கிப்போவது.

சால்பியூட்டமாலை நிறுத்தினோம். காலைத் தொங்கப்போட்டு நிமிர்த்தி உட்கார வைத்தோம். தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்ரூசமைடு 40 மில்லிகிராம் நரம்பில் போனது. ஒரு மணி நேரத்தில் சிறுநீர் ஒரு லிட்டரைத் தொட்டது, நெஞ்சின் விசில் அடங்கத் தொடங்கியது. ஆஸ்துமா என்று ரெண்டு மாதம் பேர் வாங்கியது நுரையீரலில் ஊறிய நீர்தான். மூச்சுக்குழாயைச் சுற்றி நீர் கோத்தாலும் விசில் வரும். விசிலுக்கு எது காரணம் என்பதை விசில் சொல்லாது.

அடிபம்பும் கதவும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கிறேன், ஏனென்றால் இதயம் எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவாக இல்லையென்றால் அந்தச் சத்தங்கள் வெறும் சத்தங்களாகவே இருக்கும்.

அடிபம்பு அடித்து வளர்ந்தவர்களுக்கு இதயத்தை விளக்குவது சுலபம். கைப்பிடியை அழுத்தினால் தண்ணீர் மேலே வருகிறது, தூக்கினால் கீழே திரும்பிப் போவதில்லை. காரணம் உள்ளேயிருக்கும் வால்வு, ஒருவழிக் கதவு. அது தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்றுதான். இதயத்தில் இப்படிப்பட்ட கதவுகள் நான்கு. வலது பக்கம் இரண்டு, உடலிலிருந்து வரும் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்ப. இடது பக்கம் இரண்டு, நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தை உடலுக்கு அனுப்ப. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கதவு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே, இன்னொன்று கீழறையின் வாசலில்.

ஓய்வாக இருக்கும் ஒருவரின் கீழறை ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், ஒரு நாளைக்கு ஏழாயிரம் லிட்டர் சொச்சம். தெருவுக்கு வரும் 6,000 லிட்டர் தண்ணீர் லாரியை விட அதிகம். வெறும் 300 கிராம் எடையுள்ள தசை இதை நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை சுருங்கி விரிந்து செய்கிறது.

கீழறை சுருங்கத் தொடங்கியதும் மேலறைக் கதவுகள் இரண்டும் சாத்திக்கொள்கின்றன: முதல் சத்தம், ‘லப்’. ரத்தம் வெளியேறி, கீழறை தளரும்போது வாசல் கதவுகள் சாத்திக்கொள்கின்றன: இரண்டாம் சத்தம், ‘டப்’. இதழ்கள் கைதட்டுவது போல மோதிக்கொள்வதால் மட்டும் வரும் ஓசை என்று நினைக்க வேண்டாம். வேகமாக ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் பைப் முழுக்க ‘டொக்’ என்று அதிருமே, அந்த மாதிரி. பாய்ந்துகொண்டிருந்த ரத்தம் தடுத்து நிறுத்தப்படும்போது வால்வு, தசைச் சுவர், ரத்தம் எல்லாம் சேர்ந்து அதிர்கின்றன.

லப்புக்கும் டப்புக்கும் நடுவில் இதயம் சுருங்குகிறது. டப்புக்கும் அடுத்த லப்புக்கும் நடுவில் நிரம்புகிறது. ஆரோக்கியமான இதயத்தில் இந்த இரண்டாவது இடைவெளி மௌனம். நல்ல கதவு சாத்தும்போது சத்தம் போடலாம், திறக்கும்போது போடாது. திறக்கும்போது ‘கிரீச்’ என்றால் கீலைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பெண்ணின் மைட்ரல் வால்வுக்குக் கீல் பழுது. இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திறப்பு மீன்வாய் போலக் குறுகியிருந்தது. சாதாரணமாக இந்த வால்வு முழுதாகத் திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர், பழைய பெரிய ஒரு ரூபாய் நாணயம் அளவு. எக்கோவில், அதாவது ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனையில், இவருக்கு அளந்தது 0.9, சட்டைப் பொத்தான் அளவு.

சரி, முதல் சத்தம் ஏன் பலமானது? மேலறையில் ரத்தம் தேங்கி அழுத்தம் கூடிக்கிடப்பதால், கீழறை சுருங்க ஆரம்பிக்கும் கணத்திலும் வால்வின் இதழ்கள் விரிந்தே இருக்கின்றன. கதவை அரைகுறையாகத் திறந்து வைத்துச் சாத்துவதற்கும், முழுக்கத் திறந்து வைத்து அறைவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இதழ்கள் இறுகிச் சுண்ணாம்பு படிந்து அசைவற்றுப் போயிருந்தால் இந்த அறைதல் வராது, முதல் சத்தம் மங்கிவிடும். ஆகவே பலமான முதல் சத்தம் இரண்டு விஷயத்தைச் சொல்கிறது: வால்வு குறுகியிருக்கிறது, ஆனால் இன்னும் வளைந்துகொடுக்கிறது. பலூனை உப்ப வைத்துத் திறக்கும் சிகிச்சைக்கு ஏற்ற வால்வு என்று எக்கோவுக்கு முன்பே காது சொல்லிவிடக்கூடிய இடம் இது.

மறுநாள், 84 துடிப்பில்

முதல் நாள் காலையே இதயப் பிரிவிலிருந்து முதுநிலை மாணவர் ஒருவர் சின்ன எக்கோ மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து உறுதி செய்துவிட்டார். இடது மேலறை வீங்கியிருந்தது, உள்ளே ரத்தக்கட்டி இல்லை. வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான சராசரி அழுத்த வேறுபாடு 19 மில்லிமீட்டர் (பாதரச அளவில்). நல்ல வால்வில் அது கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. நுரையீரல் தமனியின் அழுத்தம் 62, இயல்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மெட்டோப்ரோலால் மாத்திரை தொடங்கினோம். அதன் வேலை ஒன்றே ஒன்று, துடிப்பைக் குறைப்பது.

மறுநாள் காலை துடிப்பு 84. அப்போதுதான் அந்த இதயம் வாயைத் திறந்தது. லப் பலமாக. டப். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு சின்ன ‘டக்’. பிறகு தூரத்தில் லாரி போவது போல ஒரு தாழ்ந்த உருளல். அடுத்த லப்புக்குச் சற்று முன்னால் அந்த உருளல் ஒருமுறை எழும்பி, லப்பில் போய் முட்டி நின்றது.

அந்த ‘டக்’தான் திறக்கும் கதவின் சத்தம். ஓபனிங் ஸ்னாப் என்பார்கள். ஒட்டிய இதழ்கள் பாய்மரம் போலப் புடைத்து, சட்டென்று தடுபட்டு நிற்கும்போது வருவது. டப்புக்கும் டக்குக்கும் இடையிலான நேரத்தைக் காது பழகினால் மதிப்பிடலாம். மேலறையில் அழுத்தம் அதிகமாக இருந்தால் கதவு சீக்கிரம் தள்ளித் திறக்கப்படும், டக் டப்பை நெருங்கும். இவருக்கு மிக நெருக்கம். உருளலின் பலத்தை வைத்து நோயின் கடுமையைச் சொல்லக் கூடாது, நீளத்தை வைத்துச் சொல்ல வேண்டும். இவருக்கு அது இடைவெளி முழுவதையும் அடைத்திருந்தது. கடைசியில் எழும்புவது மேலறை தன் பங்குக்குச் சுருங்கி மிச்சத்தைத் தள்ளுவதால். மேலறை இன்னும் ஒழுங்காகச் சுருங்குகிறது, தாளம் தப்பவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஹவுஸ் சர்ஜன்கள் ஏழு பேர் வரிசையில் நின்று கேட்டார்கள். அனுமதி கேட்டபோது அந்தப் பெண், “கேளுங்க சார், இப்பத்தான் மூச்சு வுட முடியுது” என்றார். ஐந்து பேருக்குக் கேட்டது. இரண்டு பேர் கேட்டதாகச் சொன்னார்கள். எனக்கும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான்.

1816-இல் பாரீஸின் நெக்கர் மருத்துவமனையில் லாயனெக் என்ற மருத்துவர், ஒரு இளம் பெண்ணின் நெஞ்சில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி, காகிதங்களைச் சுருட்டிக் குழாயாக்கிக் கேட்டார். கூச்சத்தில் பிறந்த கருவி என்று பாடத்தில் சிரித்துக்கொண்டே சொல்வோம். நமது வார்டில் சிரிக்க முடியாது. புடவைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டுப் போவது இங்கே அன்றாடம். துணி உரசும் சத்தத்தில் தாழ்ந்த சுருதி எதுவும் பிழைக்காது. ஒரு திரை, ஒரு நர்ஸ், இரண்டு நிமிடம். முதல் இரவு நான் கொடுக்காதது இவைதான்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கர்ப்பிணிகளின் இதயத்தில் ஏதாவது இரைச்சல் கேட்பது சகஜம். ரத்தம் அதிகம் ஓடுவதால் லப்புக்கும் டப்புக்கும் நடுவில் மெல்லிய ஊதல் பலருக்கும் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆகவே கர்ப்பிணி என்றாலே இரைச்சலைத் தள்ளிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. டப்புக்குப் பிறகு வரும் உருளலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது கேட்டால் எக்கோ எடுத்தே ஆக வேண்டும்.

குடமும் குழாயும்

புகை ஏன் அவரை மோசமாக்கியது என்பதை மாமியாருக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் கேட்ட கேள்வி நியாயமானது: “அது மூச்சுக்குதானே சார் வைக்கிறீங்க?”

நிமிடத்துக்கு 75 துடிப்பென்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் சுருங்குவதற்கு 0.3 விநாடி, நிரம்புவதற்கு 0.5. ஒரு நிமிடத்தில் மொத்தம் 37 விநாடிபோல கதவு திறந்திருக்கிறது. துடிப்பு 128 ஆனால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.47 விநாடி. சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, கால் விநாடியாவது கேட்கும். வெட்டு முழுக்க நிரம்பும் நேரத்தில்தான் விழும். மிஞ்சுவது 0.22 விநாடி, நிமிடத்துக்கு 28 விநாடி. அதே நேரத்தில் கர்ப்பத்தால் உடலின் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. ஐந்து லிட்டருக்குப் பதிலாக ஏழு லிட்டர் அந்தச் சட்டைப் பொத்தான் வழியாகப் போக வேண்டும். விநாடிக்கு 130 மில்லிலிட்டர் போன இடத்தில் 250. ஓட்டம் இரு மடங்கானால் தேவைப்படும் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்கு, ஏனென்றால் அது ஓட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். மேலறையின் அழுத்தம் 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். சால்பியூட்டமால் மூச்சுக்குழாயை விரிக்கும்போதே துடிப்பையும் ஏற்றும். நாங்கள் வைத்த ஒவ்வொரு புகையும் அந்த 28 விநாடியிலிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொண்டது.

இந்தக் கணக்கையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. “குழாய் அடைச்சு ஊசி மாதிரி வருதும்மா. தண்ணி விடுற நேரமும் கம்மி. குடம் எப்படி ரொம்பும்?” என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. “ரொம்பாது. பின்னாடி நிக்கிற குடமெல்லாம் தெருவை அடைச்சுக்கும்.”

நுரையீரல் வீக்கத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. இப்போது வகுப்பில் அதையே சொல்கிறேன்.

தாழ்வாரத்தில் கிடைத்த முன்கதை

வால்வு எப்படிக் கெட்டது என்பதற்குப் பதில் மூன்றாம் நாள் மாலை இரண்டு பஸ் மாறி பெரும்பாக்கத்திலிருந்து வந்தது. பெண்ணின் அம்மா. கட்டிலருகே ஒன்றும் சொல்லவில்லை. நான் வார்டை விட்டு வெளியே வந்ததும் பின்னாலேயே வந்து, “சார், அவங்க மாமியாருக்குத் தெரிய வேணாம்” என்று ஆரம்பித்தார்.

மகளுக்குப் பதினொரு வயதில் காய்ச்சல். முட்டி வீங்கியது, அது வற்றியதும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. மூட்டு மூட்டாக மாறிய வலி. வாதக் காய்ச்சல் என்று சொல்லி, 21 நாளுக்கு ஒரு முறை இடுப்பில் ஊசி போடச் சொன்னார்கள். இரண்டு வருடம் தவறாமல் போட்டார்கள். அப்போது குடியிருந்தது கூவம் கரையில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டோடு ஊசிச் சீட்டும் போனது. பிறகு பெரும்பாக்கத்துக்குக் குடிமாற்றம். ஊசி போட்ட இடம் தூரமாகிவிட்டது, புது இடத்தில் எங்கே கேட்பதென்று தெரியவில்லை. பிள்ளை ஓடியாடிக்கொண்டிருந்தாள், விட்டுவிட்டார்கள். கல்யாணம் பேசும்போது இதைச் சொல்லவில்லை. கர்ப்பப் பதிவின்போது நர்ஸ் ‘சின்ன வயசுல ஏதாச்சும் நோய் இருந்துச்சா’ என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். பெண் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. பெண்ணுக்கு இதயத்தில் கோளாறு என்ற ஒரு வார்த்தை என்னென்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முன்கதை கேட்கும்போது கூட இருப்பவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை வலிக்குப் பிறகு, ஒரு சில பிள்ளைகளுக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்து இந்தக் காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் பாதுகாப்பு, ஆள் அடையாளம் தவறிப்போய் வால்வின் திசுவையே தாக்குகிறது. மூட்டு முழுதாகக் குணமாகிவிடும். வால்வில் தழும்பு விழும். ஒவ்வொரு புதுத் தொண்டைத் தொற்றும் அந்தத் தழும்பைத் தடிமனாக்கக்கூடும். அதைத் தடுக்கத்தான் 21 நாளைக்கு ஒருமுறை பென்சாதைன் பென்சிலின் 12 லட்சம் யூனிட். சின்ன வீட்டில் நெருக்கமாகப் படுத்துத் தூங்கும் பிள்ளைகளிடம் தொண்டைத் தொற்று சுலபமாகப் பரவுகிறது. இதை ஏழைகளின் இதய நோய் என்று சொல்வது அதனால்தான்.

பலூன்

மருந்தில் 27-ஆம் வாரம் வரை கொண்டுபோனோம். துடிப்பு 80-க்குள் நின்றாலும் கழிவறைவரை நடந்தால் மூச்சு வாங்கியது. கர்ப்பத்தில் ரத்த அளவு 32-ஆம் வாரம் வாக்கில்தான் உச்சம் தொடும். பிரசவம் முடிந்த உடனே கருப்பை சுருங்கி அதிலிருந்த ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்பும். அதற்குள் வால்வைத் திறந்துவிட வேண்டும்.

குறுகிய மைட்ரல் வால்வைத் திறக்கும் யோசனை நூறு வருடப் பழசு. 1925-இல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் ஒரு சிறுமியின் துடிக்கும் இதயத்தின் மேலறைக்குள் விரலை விட்டு வால்வைத் தொட்டு விரித்தார். அவள் பிழைத்தாள். ஆனால் வேறெந்த மருத்துவரும் அவரிடம் இரண்டாவது நோயாளியை அனுப்பவில்லை. 1948-இல்தான் அந்த அறுவை சிகிச்சை மறுபடி எழுந்தது. நெஞ்சைத் திறக்காமல் செய்யும் வழியை ஜப்பானின் கான்ஜி இனூவே 1984-இல் வெளியிட்டார். தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாக ஒரு நீளக்குழாயை வலது மேலறைக்கு ஏற்றி, நடுச்சுவரில் ஊசியால் துளை போட்டு இடது மேலறைக்குள் நுழைந்து, வால்வின் நடுவில் பலூனைச் சில விநாடி உப்ப வைப்பது. ஒட்டிய ஓரங்கள் பிரிந்துகொள்ளும்.

குழந்தைக்குக் கதிர் படாமலிருக்க வயிற்றைச் சுற்றி ஈயக் கவசம் போட்டு, எக்ஸ்ரேயை மிகக் குறைவாகப் பயன்படுத்திச் செய்தார்கள். வால்வு 0.9-லிருந்து 1.7 ஆனது. அழுத்த வேறுபாடு 19-லிருந்து 5. கசிவு ஏதும் சொல்லும்படி இல்லை. அன்று மாலையே அவர் சமதளமாகப் படுத்துத் தூங்கினார். இரண்டு மாதத்தில் முதல் முறை.

38-ஆம் வாரத்தில் சுகப்பிரசவம். முக்கிச் சிரமப்படாமலிருக்கக் கடைசிக் கட்டத்தில் குழந்தையை மெல்ல இழுத்தெடுக்க வேக்வம் உதவி. பெண் குழந்தை, 2.6 கிலோ. அடுத்த மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்தோம், நீர் கோக்கவில்லை.

அப்புறம்

ஊசி மறுபடி ஆரம்பித்தாகிவிட்டது, வீட்டுக்கு அருகிலேயே. குறைந்தது நாற்பது வயதுவரை போட வேண்டும். ஊசிச் சீட்டை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார்கள், கணவரின் போனிலும் போட்டோ இருக்கிறது. மாமியாருக்கு விஷயம் எப்படித் தெரிந்ததென்று எனக்குத் தெரியாது. 21-ஆம் நாளை நினைவு வைத்துக் கூட்டிப்போவது இப்போது அவர்தான். வால்வு பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி குறுகலாம் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை எக்கோ. இரண்டாவது குழந்தை பற்றி யோசிக்கும் முன்பு வந்து பேசச் சொல்லியிருக்கிறேன்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் துடிப்பு 76. முதல் சத்தம் இன்னமும் சற்றுப் பலம்தான். டக் இருக்கிறது, ஆனால் டப்பிலிருந்து நன்றாக விலகி நிற்கிறது. உருளல் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு கொஞ்சம் மௌனம் கேட்கிறது. அன்று ஷீட் எழுதிய ஹவுஸ் சர்ஜன் புதியவர். இதய வரியில் இடம் போதாமல் ஓரத்தில் அம்பு போட்டு எழுதியிருந்தார்.

கிளம்பும்போது கணவர் கேட்டார்: “சார், வீடு ரெண்டாவது மாடி. தண்ணி குடம் தூக்கலாமா?”

ஒரு குடம், நிதானமாக, மூச்சு வாங்கினால் படியிலேயே நின்றுவிட்டு, என்றேன்.

“அதெல்லாம் வேணாம் சார், நீங்க சும்மா இருங்க” என்று மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு நடந்தார்.